தைராய்டு ஆன்டிபாடி அதிகம் என்று ரிப்போர்ட் வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் ஆன்டி டிபிஓ 480 என்று தடித்த எழுத்தில் வந்திருக்கிறது. டிஎஸ்எச் 2.6. எனக்குத் தைராய்டு வந்துவிட்டதா?

இல்லை. டிஎஸ்எச் 2.6 என்றால் உங்கள் சுரப்பி இன்றைக்குத் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது. டிஎஸ்எச் என்பது மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்குக் கொடுக்கும் குரல். தைராய்டு சோம்பினால் குரல் உயரும், தைராய்டு ஓவராக ஓடினால் குரல் அடங்கிவிடும். பெரும்பாலான லேப்களில் இதன் இயல்பு அளவு ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை. உங்கள் எண் அதன் நடுவில் இருக்கிறது.

480 சொல்வது வேறு விஷயம். அது ஆன்டி டிபிஓ என்ற தைராய்டு ஆன்டிபாடியின், அதாவது தைராய்டுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் புரதத்தின் அளவு. உங்கள் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் தைராய்டைத் தன்னுடையது என்று முழுசாக ஏற்கவில்லை, அதன்மேல் ஒரு கண் வைத்திருக்கிறது. இதனால் பிற்காலத்தில் தைராய்டு குறைபாடு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட உங்களுக்குக் கூடுதல். இன்றைக்கு மாத்திரை தேவையா என்று முடிவு செய்வது டிஎஸ்எச்சும், தேவைப்பட்டால் ஃப்ரீ டி4-உம் (இரத்தத்தில் ஓடும் தைராய்டு ஹார்மோனின் அளவு) தான். இந்த 480 அந்த முடிவை எடுப்பதில்லை. கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் வரும்.

ஆன்டி டிபிஓ, ஆன்டி டிஜி, டிஆர்ஏபி என்று மூன்று பெயர்கள் இருக்கின்றன. எது எதற்கு?

டிபிஓ என்பது தைராய்டு பெராக்சிடேஸ். அயோடினை எடுத்துத் தைராய்டு ஹார்மோனாகக் கோக்கிற என்சைம். டிஜி என்பது தைரோகுளோபுலின். அந்தக் கோக்கும் வேலை நடக்கிற, ஹார்மோனைச் சேமித்து வைத்திருக்கிற பெரிய புரதம். இரண்டும் சுரப்பிக்குள் இருப்பவை. இவற்றுக்கு எதிரான ஆன்டிபாடிகள் இரத்தத்தில் தெரிந்தால் சுரப்பிக்குள் ஆட்டோ இம்யூன் அழற்சி, அதாவது உடலின் பாதுகாப்பு அணுக்களே சுரப்பியைத் தாக்கும் நிலை, இருக்கலாம் என்று அர்த்தம். உண்மையில் சுரப்பியைச் சிதைப்பதில் பெரும்பங்கு டி லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்களுடையது. ஆன்டிபாடி பெரும்பாலும் அங்கே என்ன நடக்கிறது என்பதற்கான அடையாளம். 'எண்ணைக் குறைத்துவிட்டால் நோய் போய்விடும்' என்ற கணக்கு ஏன் சரிவராது என்பதற்கு இதுவே காரணம்.

டிஆர்ஏபி தனி ரகம். அது டிஎஸ்எச் போய் உட்கார வேண்டிய ஏற்பியில் தானே போய் உட்கார்ந்து, பெரும்பாலான நேரங்களில் சுரப்பியை விடாமல் விரட்டி வேலை வாங்குகிறது. கிரேவ்ஸ் நோய் என்ற தைராய்டு மிகைப்பில் வருவது இது. மற்ற இரண்டும் அடையாளம் என்றால், இது நோயை நேரடியாக உண்டாக்குவது. ஆகவே 'தைராய்டு ஆன்டிபாடி பாசிட்டிவ்' என்று யாராவது சொன்னால் முதலில் எது என்று கேளுங்கள்.

இது அபூர்வமா?

இல்லவே இல்லை. சென்னை உட்பட இந்தியாவின் எட்டு நகரங்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் நடத்தி 2013-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், சுமார் 22 சதவீதம் பேருக்கு ஆன்டி டிபிஓ பாசிட்டிவ். தைராய்டு குறைபாடு இருந்தவர்கள் மொத்தத்தில் சுமார் 11 சதவீதம், அந்த எண்ணிக்கையில் பாதிதான். ஐந்தில் ஒருவருக்கு ஆன்டிபாடி இருக்கிறது, ஆனால் அத்தனை பேருக்கும் நோய் இல்லை. பெண்களுக்கு ஆண்களைவிட அதிகம். வயது கூடக் கூட அதுவும் கூடும்.

ஐந்தில் ஒருவருக்கு இருக்கிற ஒன்றை, எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கெல்லாம் பேக்கேஜில் சேர்த்துப் பார்ப்பது எனக்கு உடன்பாடானதில்லை. பார்த்தால் கிடைக்கும், கிடைத்தால் பயம் வரும், பயத்துக்கு மாத்திரை கிடையாது. டிஎஸ்எச் ஒன்றே போதும். அது கூடுதலாக வந்தால் அப்புறம் ஆன்டி டிபிஓ பார்க்கலாம்.

என் ஃபிரெண்டுக்கு 90, எனக்கு 1,300. எனக்கு ரொம்ப மோசமா?

அப்படி நேராக ஒப்பிட முடியாது. முதல் காரணம் மெஷின். ஆன்டி டிபிஓ அளவிடும் கருவிகள் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஒரு கருவியில் 34 வரை நார்மல், இன்னொன்றில் 60 வரை, வேறொன்றில் 6-ஐத் தொடும்முன்பே பாசிட்டிவ். யூனிட் எல்லாவற்றிலும் ஒன்றுபோலவே அச்சாகியிருக்கும், அதுதான் ஏமாற்றும். போன வருஷம் ஒரு லேபில் 210, இந்த வருஷம் வேறு லேபில் 55 என்றால் கால்வாசியாகக் குறைந்துவிட்டது என்று சந்தோஷப்படவும் வேண்டாம், மாறி வந்தால் பதறவும் வேண்டாம்.

இரண்டாவது, கருவிக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. '>600' அல்லது '>1300' என்று இருந்தால் அதற்கு மேல் அளக்கவில்லை என்று பொருள். உண்மையான அளவு அதில் தெரியாது.

எண்ணுக்கு மதிப்பே இல்லையா என்றால், கொஞ்சம் உண்டு. மிக உயர்ந்த அளவு உள்ளவர்களுக்கு, எல்லைக்கோட்டைத் தொட்டு நிற்பவர்களைவிடப் பின்னாளில் குறைபாடு வரும் வாய்ப்பு கூடுதல். 34 எல்லையாக உள்ள லேபில் 38 வந்தால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் 400-க்கும் 900-க்கும் இடையில் சிகிச்சையில் எந்த வித்தியாசமும் கிடையாது. களைப்பும் எடையும் இந்த எண்ணோடு சேர்ந்து ஏறி இறங்குவதுமில்லை.

டாக்டர் 'ஹாஷிமோட்டோ' என்று சீட்டில் எழுதினார். அது என்ன?

ஜப்பானிய அறுவை மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோவின் பெயர். ஃபுகுவோகாவில் உள்ள கியூஷு பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, கழுத்து வீக்கத்துக்காக அறுவை செய்யப்பட்ட நான்கு பெண்களின் தைராய்டுத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தார். சுரப்பி முழுக்க லிம்போசைட்டுகள் நிறைந்திருந்தன. 1912-இல் ஜெர்மன் மொழியில் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். பிறகு சொந்த ஊருக்குத் திரும்பிச் சாதாரண மருத்துவராகவே வாழ்ந்து, 1934-இல் டைபாய்டில் இறந்துபோனார். அந்த நோயாளிகளின் இரத்தத்தில் தைரோகுளோபுலினுக்கு எதிரான ஆன்டிபாடி இருப்பதை லண்டனில் ஐவன் ராய்ட், டெபோரா டோனியாக் குழுவினர் 1956-இல்தான் கண்டுபிடித்தார்கள். உடல் தன்னையே தாக்கிக்கொள்ளாது என்று மருத்துவ உலகம் நம்பியிருந்த காலம் அது. அந்த நம்பிக்கையை உடைத்ததில் தைராய்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

உங்களைப் பொறுத்தவரை: தைராய்டு குறைபாடு உறுதியாகி, ஆன்டிபாடியும் பாசிட்டிவாக இருந்தால், காரணம் ஹாஷிமோட்டோ என்று சொல்லிவிடலாம். அயோடின் போதுமான அளவு கிடைக்கும் ஊர்களில் தைராய்டு குறைபாட்டுக்கு முதல் காரணமே இதுதான். டிஎஸ்எச் நார்மலாக இருக்கும்போதே அந்தப் பெயரை எழுதுகிற டாக்டர்களும் உண்டு. அது தவறில்லை, ஆனால் அதைப் படித்துவிட்டு வீட்டில் எல்லோரும் 'நோய் முற்றிவிட்டது' என்று நினைக்கக் கூடாது.

சரி, எனக்குப் பிற்காலத்தில் குறைபாடு வந்தே தீருமா?

இந்தக் கேள்விக்கு நல்ல பதில் வடகிழக்கு இங்கிலாந்தின் விக்கம் என்ற ஊரிலிருந்து வந்தது. 1972 முதல் 1974 வரை அங்கே 2,779 பேரைப் பரிசோதித்தார்கள். இருபது வருஷம் கழித்து அதே ஆட்களைத் தேடிப் பிடித்து மறுபடி பார்த்தார்கள். முடிவுகள் 1995-இல் வெளியாயின. பெண்களில், டிஎஸ்எச் நார்மல், ஆன்டிபாடி மட்டும் பாசிட்டிவ் என்று இருந்தவர்களுக்கு ஆண்டுக்கு 100 பேரில் சுமார் 2 பேர் என்ற வேகத்தில் குறைபாடு வந்தது. டிஎஸ்எச்சும் கூடுதல், ஆன்டிபாடியும் பாசிட்டிவ் என்றால் ஆண்டுக்கு 4 பேருக்குச் சற்று அதிகம்.

இருபது வருஷத்துக்குக் கணக்குப் போட்டால், முதல் வகையில் ஏறத்தாழ நாலில் ஒருவர், இரண்டாம் வகையில் பாதிக்கு மேல். ஆன்டிபாடி மட்டும் இருந்த பெண்களில் முக்கால்வாசிப் பேர் இருபது வருஷத்துக்குப் பிறகும் மாத்திரை இல்லாமலேயே இருந்தார்கள். கூகுளில் தேடினால் இந்த முக்கால்வாசிப் பேரைப் பற்றி யாரும் எழுதியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்கு எழுத ஒன்றும் நடக்கவில்லை.

எத்தனை நாளைக்கு ஒருமுறை டெஸ்ட் எடுக்க வேண்டும்?

டிஎஸ்எச் வருஷத்துக்கு ஒருமுறை. இடையில் கர்ப்பம், கழுத்தில் வீக்கம், விளக்கமில்லாத எடை மாற்றம், மாதவிடாய்க் குழப்பம் என்று ஏதாவது வந்தால் உடனே ஒன்று.

ஆன்டி டிபிஓவை மறுபடி எடுக்க வேண்டாம். ஒருமுறை பாசிட்டிவ் என்று தெளிவாக வந்துவிட்டால் அது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதற்குப் பணம் கட்டுகிறவர்கள் நிறைய. அந்தப் பணத்தில் விட்டமின் பி12-உம் ஹீமோகுளோபினும் பார்த்தால் நம் ஊர்ப் பெண்களுக்கு உருப்படியான பலன் கிடைக்கும்.

டிஎஸ்எச் 6.8, ஃப்ரீ டி4 நார்மல், ஆன்டி டிபிஓ பாசிட்டிவ். ஒரு டாக்டர் மாத்திரை போடச் சொல்கிறார், இன்னொருவர் வேண்டாம் என்கிறார். யார் சரி?

இருவரும் சரியாக இருக்கலாம். இந்த நிலைக்குப் பெயர் சப்கிளினிக்கல் ஹைப்போதைராய்டிசம், அதாவது பிட்யூட்டரி குரலை உயர்த்திவிட்டது, ஆனால் ஹார்மோன் இன்னும் குறையவில்லை. முதல் வேலை, இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி டிஎஸ்எச் பார்ப்பது. காய்ச்சலோ வேறு நோயோ வந்து தேறும் காலத்தில் டிஎஸ்எச் தற்காலிகமாக ஏறும். கணிசமானவர்களுக்குத் தானாகவே இறங்கிவிடும்.

10-க்கு மேல் நிலையாக நின்றால் பெரும்பாலான டாக்டர்கள் லெவோதைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரையைத் தொடங்குவார்கள். 4-க்கும் 10-க்கும் இடையில் ஆள் யார் என்பது முக்கியம். முப்பது வயதுப் பெண், குழந்தைக்குத் திட்டமிடுகிறார், ஆன்டிபாடியும் பாசிட்டிவ் என்றால் தொடங்குவது நியாயம். எழுபத்தைந்து வயதுப் பாட்டிக்கு 6.8 என்றால் அது அந்த வயதுக்கு இயல்பானதாகவே இருக்கலாம். 65 வயதுக்கு மேற்பட்ட 737 பேரிடம் ஐரோப்பாவில் நடத்தி 2017-இல் வெளியான சோதனையில், லேசான சப்கிளினிக்கல் குறைபாட்டுக்கு மாத்திரை கொடுத்தும் களைப்போ மற்ற அறிகுறிகளோ குறையவில்லை. வயதானவர்களுக்கு டோஸ் கூடிப்போனால் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும், எலும்பு தேயும்.

ஆன்டிபாடி இங்கே ஒரு பக்கம் சாயும் எடை மட்டும். 'இது தானாகச் சரியாகும் வாய்ப்பு குறைவு, மெல்ல ஏறும் வாய்ப்பு அதிகம்' என்று சொல்கிறது.

மாத்திரை ஆரம்பித்துவிட்டேன். எப்படிப் போடுவது?

காலையில் வெறும் வயிற்றில், தண்ணீருடன். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துக் காபி. நம் வீடுகளில் பெரும்பாலும் தவறுவது இந்தக் காபியில்தான். இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி வேண்டும். டோஸ் மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டிஎஸ்எச். அதற்கு முன் பார்த்தால் பாதி வழியில் இருக்கும் எண்தான் கிடைக்கும். பிராண்டை அடிக்கடி மாற்றாதீர்கள்.

எல்லா எண்ணும் நார்மல், ஆன்டிபாடி மட்டும் அதிகம். ஆனால் களைப்பு, முடி கொட்டுகிறது, எடை கூடுகிறது. இது ஆன்டிபாடியால்தானே?

இதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஆன்டிபாடி பாசிட்டிவ் என்ற ஒரு வரி கையில் கிடைத்ததும் எல்லாத் தொந்தரவும் அதன் கணக்கில் போய்விடுகிறது. ஆன்டிபாடி உள்ளவர்களுக்குக் களைப்பு கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. காரணம் இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. ஆனால் டிஎஸ்எச் நார்மலாக இருக்கிற ஒருவரின் களைப்புக்கு இரத்தசோகை, ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பு) குறைவு, பி12 குறைவு, விட்டமின் டி, சர்க்கரை, தூக்கமின்மை, மனச்சோர்வு, இரவில் குறட்டையோடு மூச்சு தடைபடுவது என்று நிறையக் காரணங்கள் வரிசையில் நிற்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு மருந்து உண்டு. தைராய்டைப் பிடித்துக்கொண்டே இருந்தால் அவை கவனிக்கப்படாமல் போகும்.

இன்னொரு விஷயம். ஆன்டி டிபிஓ உள்ளவர்களில் சிலருக்கு வயிற்றின் செல்களுக்கு எதிரான ஆன்டிபாடியும் இருக்கும். அதனால் பி12 உறிஞ்சப்படாமல் போகும். கை கால் மரத்துப்போவது, நாக்கு எரிச்சல் இருந்தால் பி12-ஐ அவசியம் பாருங்கள்.

ஆன்டிபாடி அளவைக் குறைக்க மருந்து இருக்கிறதா? செலினியம், குளூட்டன் இல்லாத உணவு என்று யூடியூபில் சொல்கிறார்களே.

குறைப்பதையே குறிக்கோளாக வைத்து எந்த வழிகாட்டு நெறியும் மருந்து பரிந்துரைக்கவில்லை. செலினியம் மாத்திரை சில ஆய்வுகளில் எண்ணைக் கொஞ்சம் இறக்கியது உண்மை. ஆனால் அதனால் ஆள் நன்றாக இருந்தார், மாத்திரை தேவைப்படாமல் போயிற்று என்று உறுதியாக நிறுவப்படவில்லை. அளவு மீறினால் செலினியமே முடியைக் கொட்டவைக்கும், நகத்தை உடைக்கும். முடி கொட்டுகிறது என்று அதை வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

குளூட்டன் (கோதுமையில் உள்ள ஒரு புரதம்) விஷயம்: அதனால் சிறுகுடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் இருப்பவர்களுக்குக் கோதுமையை விடுவது கட்டாயம். தைராய்டு ஆட்டோ இம்யூன் உள்ளவர்களிடம் சீலியாக் சற்று அதிகம் காணப்படுகிறது, ஆகவே நாள்பட்ட வயிற்றுப்போக்கு, சரியாகாத இரும்புக் குறைவு இருந்தால் அதற்கான டெஸ்ட் எடுக்கலாம். அது இல்லாதவர்கள் சப்பாத்தியைத் தியாகம் செய்யத் தேவையில்லை. இட்லி சாப்பிட்டு வளர்ந்தவர்கள் குளூட்டன் இல்லாத பிஸ்கட்டுக்குக் காசைக் கொட்டுவதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

லெவோதைராக்சின் எடுப்பவர்களுக்குப் பல வருஷங்களில் ஆன்டிபாடி மெதுவாகக் குறைவதுண்டு. முழுசாக நெகட்டிவ் ஆவது குறைவு. ஆகாவிட்டாலும் நஷ்டமில்லை.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர், சோயா, அயோடின் உப்பு இதெல்லாம் நிறுத்தணுமா?

சமைத்த கோஸ் பொரியலால் தைராய்டு கெடாது. சோயா மாத்திரை உறிஞ்சப்படுவதைத் தடுக்கும், அவ்வளவுதான்; இடைவெளி விட்டால் போதும்.

அயோடினைப் பற்றிக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும். அளவுக்கு மீறிய அயோடின் தைராய்டு ஆட்டோ இம்யூனைத் தூண்டும் என்பது உண்மை. குறைவாக இருந்த நாடுகளில் அயோடினைக் கூட்டிய பிறகு ஆன்டிபாடி பாசிட்டிவ் ஆனவர்கள் அதிகரித்தார்கள். அதைக் கேட்டுவிட்டுச் சிலர் வீட்டில் இந்துப்புக்கு மாறிவிடுகிறார்கள். இந்துப்பில் சேர்க்கப்பட்ட அயோடின் கிடையாது. இந்தியாவில் 1962-இல் கழுத்துக் கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்கப்பட்டதே அயோடின் குறைவால் மலையடிவார ஊர்களில் கழலையும், குழந்தைகளின் மூளை வளர்ச்சிக் குறைவும் பரவலாக இருந்ததால்தான். சாதாரண அயோடின் உப்பில் கிடைப்பது தேவையான அளவு. வீட்டில் கர்ப்பிணியோ குழந்தையோ இருந்தால் இந்துப்பு மாற்றம் நல்ல யோசனையே இல்லை.

தவிர்க்க வேண்டியது வேறு: கெல்ப் என்ற கடற்பாசி மாத்திரைகள், 'தைராய்டு சப்போர்ட்' என்று விற்கும் அயோடின் சொட்டுகள். இவற்றில் தேவையைப் போலப் பல மடங்கு இருக்கலாம். ஆன்டிபாடி பாசிட்டிவ் ஆனவருக்கு இது சுரப்பியை முடக்கிவிடும்.

முடிக்கு பயோட்டின் மாத்திரை எடுக்கிறேன். டெஸ்ட்டைப் பாதிக்குமா?

பாதிக்கலாம், அதுவும் விநோதமாக. பல லேப் கருவிகள் பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும் ஒட்டிக்கொள்வதை வைத்தே அளக்கின்றன. இரத்தத்தில் பயோட்டின் நிறைய மிதந்தால் கணக்கு தப்பும். டிஎஸ்எச் பொய்யாகக் குறையும். டி4, ஆன்டி டிபிஓ, டிஆர்ஏபி பொய்யாகக் கூடும். ரிப்போர்ட்டைப் பார்த்தால் அச்சு அசலாக கிரேவ்ஸ் நோய் போலவே இருக்கும், ஆள் சும்மா உட்கார்ந்திருப்பார். முடிக்கென்று விற்கும் மாத்திரைகளில் 5 அல்லது 10 மில்லிகிராம் இருக்கும். தினசரித் தேவை 30 மைக்ரோகிராம் அளவுதான். டெஸ்ட்டுக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பு நிறுத்திவிடுங்கள், லேபிலும் சொல்லுங்கள். சாப்பிட்டுவிட்டுப் போகலாமா என்றால் போகலாம், ஆன்டிபாடிக்கு வெறும் வயிறு தேவையில்லை.

கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறோம். ஆன்டி டிபிஓ பாசிட்டிவ். பயப்பட வேண்டுமா?

பயப்பட வேண்டாம், கவனமாக இருக்க வேண்டும். ஆன்டிபாடி முக்கியமாகிற நேரம் இதுதான். கர்ப்பத்தில் தைராய்டு வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு வரை ஹார்மோன் சுரக்க வேண்டியிருக்கும். ஏற்கெனவே அழற்சியில் இருக்கும் சுரப்பி அந்தச் சுமையைத் தாங்காமல் போகலாம். அதனால் கர்ப்பம் உறுதியானதும் ஒரு டிஎஸ்எச், பிறகு கர்ப்பத்தின் பாதிக்காலம் வரை நாலு வாரத்துக்கு ஒருமுறை, முப்பதாவது வாரத்தை ஒட்டி இன்னொன்று. முதல் மூன்று மாதத்தில் டிஎஸ்எச் ஏறத்தாழ 4-ஐத் தாண்டினால், ஆன்டிபாடியும் இருப்பதால் மாத்திரை தொடங்குவார்கள். 2.5-க்கும் 4-க்கும் இடையில் சில டாக்டர்கள் கொடுப்பார்கள், சிலர் காத்திருப்பார்கள்.

ஆன்டிபாடி உள்ளவர்களுக்குக் கருச்சிதைவு சற்று அதிகம் என்று ஆய்வுகளில் தெரிகிறது. 'அப்படியானால் டிஎஸ்எச் நார்மலாக இருந்தாலும் மாத்திரை கொடுத்துவிடலாமே' என்று பிரிட்டனில் சோதித்துப் பார்த்தார்கள். முன்பு கருச்சிதைவோ குழந்தையின்மையோ இருந்த, ஆன்டி டிபிஓ பாசிட்டிவான, டிஎஸ்எச் நார்மலான 952 பெண்கள். பாதிப் பேருக்கு 50 மைக்ரோகிராம் லெவோதைராக்சின், பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. 2019-இல் வந்த முடிவு: உயிருள்ள குழந்தை பிறந்தது ஒரு பக்கம் 37.4 சதவீதம், மறுபக்கம் 37.9 சதவீதம். வித்தியாசம் இல்லை. கருச்சிதைவு ஆன ஒரு பெண்ணிடம் 'முன்னாடியே தைராய்டு மாத்திரை போட்டிருக்கலாம்' என்று சொல்கிற உறவினர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். டிஎஸ்எச் நார்மலாக இருந்திருந்தால், அந்தப் பேச்சுக்கு ஆதாரம் கிடையாது.

ஆன்டி டிபிஓ நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போகும். பொதுவாக எந்தக் கெடுதலும் செய்யாமல் சில மாதங்களில் மறைந்துவிடும்.

பிரசவம் ஆகி மூன்று மாதம். படபடப்பு, எடை இறங்குகிறது. தூக்கமில்லாததால்தான் என்கிறார் அம்மா.

இருக்கலாம். ஆனால் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ஆன்டி டிபிஓ பாசிட்டிவாக இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிப் பேர் வரை, பிரசவத்துக்குப் பின் தைராய்டு அழற்சிக்கு ஆளாகிறார்கள். கர்ப்ப காலத்தில் அடங்கியிருந்த நோய் எதிர்ப்பு மண்டலம் பிரசவத்துக்குப் பின் சீறி எழுவதே காரணம். வழக்கமான போக்கு: முதல் சில மாதங்களில் சுரப்பி உடைந்து சேமிப்பு ஹார்மோன் வெளியே கொட்டும், படபடப்பு வரும், பிறகு சேமிப்பு தீர்ந்து நாலு முதல் எட்டு மாதத்தில் குறைபாடு, வருஷ முடிவுக்குள் பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும். சிலருக்கு நிரந்தரமாக நின்றுவிடும்.

இந்தக் குறைபாட்டுக் காலத்தில் வரும் சோர்வும் அழுகையும் 'பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும்' என்று தள்ளப்படுகிறது. ஒரு டிஎஸ்எச், ஃப்ரீ டி4 எடுத்துவிடுங்கள். படபடப்புக் கட்டத்தில் கிரேவ்ஸ் இல்லை என்று உறுதிசெய்ய டிஆர்ஏபியும் தேவைப்படலாம், ஏனென்றால் சிகிச்சை முற்றிலும் வேறு. சேமிப்பு கொட்டுவதால் வரும் படபடப்புக்கு, ஹார்மோன் உற்பத்தியைக் குறைக்கும் கார்பிமசோல் போன்ற மாத்திரைகள் பயன்படாது.

ஆன்டி டிஜி மட்டும் அதிகம், ஆன்டி டிபிஓ நார்மல்.

தனியாக இதற்கு அர்த்தம் குறைவு. வருஷத்துக்கு ஒரு டிஎஸ்எச் போதும். தைராய்டு புற்றுநோய்க்குச் சுரப்பியை எடுத்தவர்களுக்கு மட்டும் இது மிக முக்கியமான எண்: அவர்களுக்கு நோய் திரும்புகிறதா என்று தைரோகுளோபுலின் அளவை வைத்துப் பார்ப்பார்கள், ஆன்டி டிஜி அந்த அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டிவிடும். அவர்கள் ஒரே லேபில், ஒரே முறையில் எடுத்து, எண் வருஷா வருஷம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஏறினால் டாக்டரிடம் உடனே.

டிஆர்ஏபி பாசிட்டிவ் என்றால்?

டிஎஸ்எச் மிகக் குறைந்து, டி4 கூடி, டிஆர்ஏபியும் பாசிட்டிவ் என்றால் கிரேவ்ஸ் நோய். புற்றுநோய்க்குச் சுரப்பியை எடுத்தவர்களின் ஆன்டி டிஜியை விட்டுவிட்டால், மூன்று ஆன்டிபாடிகளில் இதை மட்டும்தான் மறுபடி மறுபடி எடுப்பதில் பயன் உண்டு. ஒன்றரை வருஷம் வரை கார்பிமசோல் எடுத்த பிறகு நிறுத்தலாமா என்று முடிவு செய்யும்போது, டிஆர்ஏபி இறங்கியிருந்தால் நோய் திரும்பும் வாய்ப்பு குறைவு. கண் பிதுக்கம், கண்ணில் மணல் போட்டதுபோல் உறுத்தல் இருந்தால் கண் மருத்துவரையும் பாருங்கள். புகைப்பவர்கள் நிறுத்தியே ஆக வேண்டும். கண்ணை மோசமாக்குவதில் அதற்குப் பெரும் பங்கு.

ஒரு எச்சரிக்கை: பல வருஷத்துக்கு முன்பே கிரேவ்ஸுக்காகச் சுரப்பியை எடுத்தவர்கள், கதிரியக்க அயோடின் குடித்தவர்கள் கர்ப்பமானால் மகப்பேறு மருத்துவரிடம் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சுரப்பி போனாலும் ஆன்டிபாடி இருக்கலாம், அது குழந்தையின் தைராய்டைத் தூண்டிவிடும்.

ஆன்டிபாடி இருந்தால் ஸ்கேன் எடுக்கணுமா? புற்றுநோய் ஆகுமா?

கழுத்தில் கட்டியோ வீக்கமோ கையில் தட்டுப்படாவிட்டால் ஸ்கேன் தேவையில்லை. எடுத்தால் 'தைராய்டிடிஸ்' (தைராய்டு அழற்சி) என்று வரும், அது ஏற்கெனவே தெரிந்ததுதான். கூடவே 4 மில்லிமீட்டர் நொடியூல் (சிறு கட்டி) ஒன்றும் எழுதியிருப்பார்கள், அடுத்த மூன்று வருஷத்துக்கு அதன் பின்னால் ஓட வேண்டியிருக்கும்.

ஆன்டிபாடி புற்றுநோயாக மாறுவதில்லை. ஹாஷிமோட்டோ உள்ளவர்களில் மிக மிக அரிதாகத் தைராய்டு லிம்போமா (லிம்போசைட் அணுக்களில் வரும் புற்றுநோய்) வரும், பெரும்பாலும் வயதானவர்களுக்கு. வாரக்கணக்கில் கழுத்து வேகமாகப் பெருத்தால், குரல் கம்மினால், விழுங்கும்போது அடைத்தால் காத்திருக்காதீர்கள்.

ஆன்டி டிபிஓ நெகட்டிவ். ஆனாலும் டாக்டர் ஹாஷிமோட்டோ என்கிறார். எப்படி?

ஹாஷிமோட்டோ உள்ளவர்களில் சுமார் 10 பேரில் ஒருவருக்கு ஆன்டிபாடி தெரியாமலே இருக்கலாம். சுரப்பியின் தோற்றம், டிஎஸ்எச், குடும்ப வரலாறு இவற்றை வைத்துச் சொல்வார்கள். சிகிச்சை ஒன்றேதான், ஆகவே இதற்காக வேறு லேபில் மறுபடி எடுத்து நிரூபிக்க வேண்டாம்.

எனக்கு இருப்பதால் என் தங்கைக்கும் மகளுக்கும் பார்க்க வேண்டுமா?

குடும்பத்தில் ஓடுவது உண்மை. தங்கைக்கு ஆன்டிபாடி டெஸ்ட் வேண்டாம். தொந்தரவு இருந்தாலோ கர்ப்பத்துக்குத் திட்டமிட்டாலோ டிஎஸ்எச் ஒன்று போதும். மகள் வளரவில்லை, பூப்பு தள்ளிப்போகிறது, படிப்பில் திடீரென்று பின்தங்குகிறாள், கழுத்து முன்பக்கம் பருத்திருக்கிறது என்றால் டிஎஸ்எச் பாருங்கள்.

சிலருக்கு மட்டும் ஒழுங்காகக் கண்காணிப்பு தேவை: டைப் 1 சர்க்கரை நோய் உள்ள குழந்தைகள், டவுன் சிண்ட்ரோம், டர்னர் சிண்ட்ரோம் உள்ளவர்கள். தோலில் வெண்புள்ளி உள்ளவர்களுக்கும் தைராய்டு ஆட்டோ இம்யூன் அதிகம். லித்தியம், இதயத் துடிப்புக்கான அமியோடரோன், சில புற்றுநோய் இம்யூனோதெரபி மருந்துகள் தொடங்கப் போகிறவர்கள் தங்களுக்கு ஆன்டி டிபிஓ பாசிட்டிவ் என்று முன்பே தெரிந்திருந்தால் அந்த டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். இந்த மருந்துகளால் தைராய்டு பாதிக்கப்படும் வாய்ப்பு அவர்களுக்கு அதிகம் என்பதால், டிஎஸ்எச்சை வழக்கத்தைவிட அடிக்கடி பார்ப்பார்கள்.